சத்தியம் வேண்டாம், மூன்று நாள் போதும்

தூத்துக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். எந்தப் பையன் தம் அடிக்கிறான் என்பது அவன் அம்மாவுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். வாயை மோந்து பார்க்க வேண்டியதில்லை. மைதானத்தில் இரண்டாவது சுற்றிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "என்னலே, இப்படி மூச்சு வாங்குது?" என்றால், "காலையில சாப்பிடல சார்" என்பான்.

என் அப்பா திரேஸ்புரத்தில் சங்கு குளித்தவர். இந்தக் கரையில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. சங்குக்கு இன்றும் ஆட்கள் கடலில் இறங்குகிறார்கள். இப்போது கம்ப்ரசர் குழாய் இருக்கிறது. அப்பா காலத்தில் அடக்கிய மூச்சுதான் முதலீடு. அதனால் பையன்களிடம் நான் முதலில் பேசுவது மூச்சைப் பற்றித்தான். சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு அதன் இடத்தைப் பிடித்துவிடும். ஆனால் புகைப்பதை நிறுத்தினால் ஓரிரு நாளில் அது வெளியேறிவிடும். ஐம்பது வயதில் வரும் புற்றுநோய் பதினைந்து வயதுக்காரனை அசைப்பதில்லை. அடுத்த மாதம் வரும் ரிலே ஓட்டம் அசைக்கும்.

வேப் எனும் மின் சிகரெட் பிடிக்கும் பையனைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பார்க்கப் பென்டிரைவ் மாதிரி இருக்கும்; பழ வாசம் அடிக்கும். "இது புகையில்ல சார், வெறும் ஆவி" என்பார்கள். அந்த ஆவியில் பெரும்பாலும் நிகோடின் இருக்கிறது, வாசனை ரசாயனங்கள் இருக்கின்றன, நுண்ணிய உலோகத் துகள்களும் இருக்கின்றன. சிகரெட்டாவது ஒரு கட்டத்தில் தீர்ந்துபோகும். இதைக் கழிவறையிலும் போர்வைக்குள்ளும் நாள் முழுக்க இழுக்கலாம். அதனால் அடிமைத்தனமும் ஆழமாகிறது. தமிழ்நாடு 2018இலேயே இதைத் தடை செய்தது. 2019இல் நாடு முழுவதும் தடை வந்தது. விற்று முதல்முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனாலும் கள்ளத்தனமாகப் புழங்குகிறது.

2019இல் நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தினார்கள். சிகரெட் பிடித்துப் பார்த்தவர்களில் 38 சதவீதம் பேர் பத்து வயதுக்கு முன்பே தொடங்கியவர்கள். ஒரு பாக்கெட் வாங்க அந்த வயதில் காசு ஏது? பெட்டிக்கடையில் சில்லறையாக ஒன்று கிடைக்கிறது. பற்றவைக்க லைட்டரும் அங்கேயே தொங்குகிறது.

நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போகும். மூளை முழுதாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயது ஆகும். வளரும் மூளை சீக்கிரம் பழகிவிடும். நிறுத்தினால் எரிச்சல் வரும், தலை வலிக்கும், தூக்கம் கெடும், பாடத்தில் மனம் நிற்காது. முதல் மூன்று நாள்தான் உச்சம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு முறை எழும் ஆசையும் சில நிமிடங்களே நிற்கும்.

ஆகவே "இனிமேல் தொட மாட்டேன்" என்று நான் சத்தியம் வாங்குவதில்லை. மூன்று நாள் கேட்கிறேன். அந்த மூன்று நாளும் பெட்டிக்கடை இல்லாத தெரு வழியாக வரச் சொல்கிறேன். வாய் ஊறினால் தண்ணீர், இல்லையென்றால் ஒரு கோவில்பட்டி கடலை மிட்டாய். ஆசை எழுந்தால் மைதானத்தில் ஒரு சுற்று. மறுபடி ஒரு தம் இழுத்துவிட்டு வந்து நின்றால், "எங்க வச்சு, யார் குடுத்தா?" என்று மட்டும் கேட்பேன். பதில் கிடைத்தால் அடுத்த முறை எதைத் தவிர்க்க வேண்டும் என்பது அவனுக்கே புரியும். டிசி கொடுத்து அனுப்பினால் பழக்கம் போகாது. உதவி கேட்கிற வாய்தான் மூடிக்கொள்ளும்.

நிகோடின் சூயிங்கம் போன்றவற்றை 18 வயதுக்குட்பட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும். சிகரெட் பாக்கெட்டிலேயே அந்த எண் அச்சாகியிருக்கிறது.

அப்பாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "முதல் சிகரெட்ட எங்கப்பாவுக்குத்தான் சார் வாங்கப் போனேன்." 18 வயதுக்குட்பட்டவருக்குச் சிகரெட் விற்பதும், பள்ளியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் விற்பதும் குற்றம். சிறாருக்குக் கொடுத்தால் சிறார் நீதிச் சட்டப்படி ஏழாண்டு வரை சிறை உண்டு. கடைக்காரரைக் கேட்பதற்கு முன், உங்கள் பிள்ளையைச் சிகரெட் வாங்க அனுப்புவதை நிறுத்துங்கள்.