மறக்காத காலும் மறக்கும் நாவும்

ரமழான் இரவுகளில் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எங்கள் கரையோர ஊர்களின் பள்ளிவாசல்களில் தராவீஹ் தொழுதவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். இமாமாக முன்னே நிற்கும் ஹாபிழ் குர்ஆனைப் பாராமல் ஓதிக்கொண்டு போவார். அவருக்கு நேர் பின்னே, முதல் ஸஃப்பில், இன்னொரு ஹாபிழ் நிற்பார். முன்னவர் ஓரிடத்தில் தடுமாறினால் பின்னவர் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். 114 சூறாக்கள், 6236 வசனங்கள். ஓதுகிறவரின் வீட்டு மொழி தமிழ். இவ்வளவையும் மனனமிட்ட வயதில் அறபில் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்கக்கூட அவருக்குத் தெரிந்திருக்காது.

இதே கரையில், கல்முனைக்கு வடக்கே மருதமுனை இருக்கிறது. கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் பேர்போன ஊர். பத்து இருபது வருடங்களுக்கு முன் தறியை விட்டுவிட்ட ஒரு மூத்தம்மாவைத் திரும்பவும் தறியில் உட்கார வைத்தால், முதல் சில நிமிடம் கை தயங்கும். பிறகு கால் மிதியைத் தேடிக்கொள்ளும், நாடா ஓடத் தொடங்கிவிடும். ஹாபிழுக்கு அப்படியில்லை. ஒரு வருடம் மீட்டாமல் விட்டால் ஓதல் உதிரத் தொடங்கிவிடும். அது அவருக்கே தெரியும் என்பதால்தான் நோன்பு வருவதற்கு மாதங்களுக்கு முன்பே குர்ஆனும் கையுமாக அமர்ந்துவிடுகிறார்.

இருவரும் சிறு வயதில் கற்றவர்கள். இருவரும் ஆயிரக்கணக்கான தடவை செய்து செய்து பழகியவர்கள். ஒன்று நிற்கிறது, மற்றது நழுவுகிறது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால் மூளைக்குள் மிகச் சிறிய ஓரிடத்தில் போய் நிற்போம்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருப்பதாக 2009இல் பிரேசில் விஞ்ஞானிகள் எண்ணிச் சொன்னார்கள். ஒவ்வொரு கலமும் மற்றக் கலங்களோடு ஆயிரக்கணக்கான இடங்களில் சந்திக்கிறது. அந்தச் சந்திப்பைத்தான் நரம்பிணைப்பு, சினாப்ஸ் என்கிறோம். இரண்டு கலங்களும் அங்கே ஒட்டிக்கொள்வதில்லை. நடுவில் சுமார் 20 நனோமீற்றர் இடைவெளி இருக்கிறது. ஒரு தலைமயிரின் தடிப்பில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பக்கத்திலிருந்து வேதிப்பொருள் வெளியாகிறது, மறுபக்கத்திலுள்ள வாங்கிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. கலங்கள் தனித்தனியானவை என்று ஸ்பெயினின் கஹால் சொன்னார். எல்லாம் ஒரே வலைதான் என்று இத்தாலியின் கொல்ஜி சொன்னார். 1906இல் இருவருக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். பரிசு மேடையிலும் கருத்து வேறுபாடு தீரவில்லை. 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அந்த இடைவெளியைக் கண்ணால் கண்டபோது கஹால் உயிரோடு இல்லை.

இந்த இணைப்பு எப்படி உருவாகிறது? விடையின் முதல் பகுதியைத் தந்தது நம் வயல்காரர்கள் அஞ்சும் ஒரு பாம்பினம்.

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வட்டைக்குள் வாடி போட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்களுக்குக் கட்டுவிரியனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தூக்கத்தில் கடிக்கும். பெரும்பாலும் வலிகூடத் தெரியாது. எழும்பும்போது கண்ணிமை தாழ்ந்திருக்கும், விழுங்க முடியாது, பிறகு மூச்சு அடங்கும். செயற்கைச் சுவாசம் கொடுக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தவர் பிழைக்கிறார். இந்த விஷம் தாக்குவது நரம்பும் தசையும் சந்திக்கும் இணைப்பை. மூளைக்கு வெளியே இருந்தாலும் அதுவும் ஒரு சினாப்ஸ்தான். பெரியது, ஆராய வசதியானது.

1963இல் தாய்வானில் சாங், லீ என்ற இருவர் அங்குள்ள கட்டுவிரியன் இனமொன்றின் விஷத்தைப் பிரித்தெடுத்து, அதில் ஒரு கூறு தசையின் வாங்கிகளை இறுகப் பற்றிக்கொள்வதைக் கண்டார்கள். விடாப்பிடியாக ஒட்டும் பொருள் கிடைத்துவிட்டால் அதைக் கொண்டே வாங்கிகளைத் தேடலாம், எண்ணலாம். 1970இல் பிரான்சின் ஷான்ஷோ இதே பொருளைத் தூண்டிலாக்கி, மின்விலாங்கின் உறுப்பிலிருந்து அசற்றைல்கோலின் வாங்கியைத் தனியே பிடித்தார். நரம்புத் தொடர்பியலில் ஒரு வாங்கியை மூலக்கூறாகக் கையில் எடுத்த முதல் நாள்கள் அவை.

வாங்கிகளை எண்ணியபோது ஒரு விந்தை தெரிந்தது. தசையின் மேற்பரப்பெங்கும் அவை பரவலாக இல்லை. நரம்பு தொடும் அந்தச் சிறு இடத்தில் ஒரு சதுர மைக்ரோமீற்றருக்குப் பத்தாயிரமளவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன; சற்றுத் தள்ளிப் பார்த்தால் அனேகமாக இல்லை. அவற்றை அங்கே கூட்டுவது யார்? நரம்பு முனை அக்ரின் என்ற புரதத்தைக் கசியவிடுகிறது. தசையிலுள்ள வேறு புரதங்கள் அதை உணர்ந்து வாங்கிகளை அங்கே இழுத்துக் கட்டுகின்றன. இதைவிட எனக்கு வியப்பானது 1978இல் வந்த தவளைப் பரிசோதனை. தசைக்கலங்களை அழித்துவிட்டு அவற்றைச் சுற்றியிருந்த மெல்லிய உறையை மட்டும் விட்டுவைத்தார்கள். வெட்டுண்ட நரம்பு மீண்டும் வளர்ந்து வந்து, தசையே இல்லாத அந்த வெற்றுறையில் தன் பழைய இடத்தைத் தேடிப் பிடித்து அங்கேயே முனை அமைத்துக்கொண்டது. இடத்தின் அடையாளம் உறையில் பதிந்திருந்தது.

கட்டுவிரியன் கடித்தவர் பிழைப்பதிலும் இந்த வளர்ச்சி இருக்கிறது. அந்த விஷத்தின் இன்னொரு கூறு நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது. அதனால், ஒருமுறை முடக்கம் வந்துவிட்டால் விஷமுறி மருந்தால் அதைத் திருப்ப முடிவதில்லை. முனை மறுபடி முளைக்கும்வரை இயந்திரம் மூச்சைக் கொடுக்க வேண்டும். எலிகளில் இதை நுணுக்குக்காட்டியால் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்: முதல் நாளில் பெரும்பாலான முனைகள் அழிகின்றன, மூன்று முதல் ஐந்து நாளில் புதியவை வந்து தொடுகின்றன, ஏழாம் நாளளவில் இணைப்பு ஏறக்குறைய முழுதாக மீண்டுவிடுகிறது.

மூளைக்குள் நடக்கும் இணைப்பின் ரகசியமும் ஒரு விஷத்தின் வழியாகவே திறந்தது. கறுப்பு விதவைச் சிலந்தியின் விஷம் எதைப் பற்றிக்கொள்கிறது என்று தேடிய தோமஸ் சூதோஃபின் குழு 1992இல் நியூரெக்சின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. செய்தி அனுப்பும் பக்கத்திலிருந்து நியூரெக்சின் நீள்கிறது. பெறும் பக்கத்திலிருந்து நியூரோலிஜின் நீள்கிறது. இடைவெளியில் இரண்டும் ஒன்றையொன்று பற்றுகின்றன. 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கூடம் நரம்போடு சம்பந்தமே இல்லாத கலங்களில் நியூரோலிஜினை உற்பத்தியாக்கிப் பார்த்தது. பக்கத்தில் வந்த நரம்பிழைகள் அந்த அந்நியக் கலங்களின்மேலும் செய்தி அனுப்பும் முனைகளைக் கட்டத் தொடங்கின. ஆனால் நியூரோலிஜின்களே இல்லாத எலிக்குஞ்சுகளை உருவாக்கியபோது இணைப்புகளின் எண்ணிக்கை அதிகம் குறையவில்லை. இணைப்புகள் இருந்தன, சரியாக வேலை செய்யவில்லை. குஞ்சுகள் பிறந்தவுடன் மூச்சுவிட முடியாமல் இறந்தன. ஆக, தொடுவது ஒன்று, தொட்ட பின் முதிர்வது வேறொன்று.

குழந்தை மூளை தேவைக்கு மிக அதிகமாக இணைப்புகளைக் கட்டுகிறது. பிறகு வேண்டாதவற்றைக் கழிக்கிறது. நெற்றிப் பக்க மூளையில் இந்தக் கழிப்பு பதின்ம வயது முழுக்க நடக்கிறது. நம் பிள்ளைகள் ஹிப்ழ் மத்ரஸாவில் சேரும் வயதும் அதற்குள்தான் வருகிறது. எது நிற்கும், எது போகும் என்பதைப் பெருமளவுக்குப் பயன்பாடு தீர்மானிக்கிறது. அனுப்பும் கலமும் பெறும் கலமும் ஒரே வேளையில் தூண்டப்பட்டால், பெறும் பக்கத்தில் என்.எம்.டி.ஏ. என்ற வாங்கியை அடைத்திருக்கும் மக்னீசியம் விலகுகிறது, கல்சியம் உள்ளே பாய்கிறது. அதைத் தொடர்ந்து அம்பா என்ற இன்னொரு வகை வாங்கிகள் கூடுதலாக வந்து சேர்கின்றன. கலத்தின் கிளையில் சிறு முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பகுதி பருக்கிறது. 1973இல் ஒஸ்லோவில் பிளிஸ், லோமோ இருவரும் முயல் மூளையின் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியில் இந்த வலுவேற்றத்தை முதன்முதலாக விரிவாக எழுதினார்கள். பாடசாலையிலும் மத்ரஸாவிலும் படித்த எதுவும் இப்படித்தான் தொடங்குகிறது.

தொடங்கியது எப்படி நிலைக்கிறது? மூளைப் புரதங்கள் சாகாவரம் பெற்றவையல்ல. பெரும்பாலானவை சில நாள்களில், சில வாரங்களில் சிதைந்து புதியவை வருகின்றன. டி.என்.ஏ. வடிவத்தைக் கண்ட பிரான்சிஸ் கிரிக் 1984இல் இந்தக் கேள்வியை நேராக வைத்தார்: மூலக்கூறுகள் எல்லாம் மாறிவிடும்போது நாற்பது வருட நினைவு எங்கே தங்குகிறது? கரைவலை வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். கிழிந்த கண்ணைப் பொத்திப் பொத்தி, ஒரு காலத்தில் வலையில் முதல் நூல் ஒன்றுகூட மிஞ்சாது. வலை மட்டும் அதே அளவில், அதே வடிவில் இருக்கும். பொத்துகிறவருக்குப் பக்கத்துக் கண் எப்படியிருக்கிறது என்று தெரிவதால்தான் அது நடக்கிறது. மூளையில் அப்படி அறிந்து பொத்துவது எது என்பதுதான் கேள்வி. 2024இல் நியூயோர்க்கின் சாக்டரும் பெண்டனும் சேர்ந்த குழுவொன்று ஒரு விடையை முன்வைத்தது. வலுவேறிய இணைப்பில் கிப்ரா என்ற புரதம் தங்கியிருக்கிறது, பி.கே.எம். ஸீட்டா என்ற நொதியம் வந்து அதோடு சேர்கிறது. நொதியம் பழுதாகிப் போனாலும் அங்கிருக்கும் கிப்ரா புதியதை அதே இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. இந்தச் சேர்க்கையைக் கலைத்தால் எலிகளில் பழைய நினைவும் கலைந்தது. இதே துறையில் வேறு வேட்பாளர்களும் உண்டு, வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு இதில் பெரிய செய்தி, நிலைத்திருப்பது என்பது இடைவிடாத வேலை என்று கலத்தின் மட்டத்திலேயே தெரியவருவதுதான்.

இனி மருதமுனைத் தறிக்கு வருவோம். 2009 டிசெம்பரில் ஒரே சஞ்சிகையில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. புதிய கைவேலையொன்றைப் பழகும் எலியின் மூளையை உயிரோடு பார்த்தபோது, பழகத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் இயக்கப் புறணியில் புதிய முட்கள் முளைத்தன. அவற்றில் பெரும்பாலானவை மறைந்தன, சிறு பங்கு நின்றது. நின்றவை மாதக்கணக்கில் நின்றன. எலியின் ஆயுளுக்கு அது மிக நீண்ட காலம். 2015இல் யப்பானில் இன்னும் துணிந்து, பயிற்சியால் பருத்த முட்களை மட்டும் ஒளியால் சுருங்கச் செய்தார்கள். எலி அந்த வேலையை மறந்துவிட்டது. திறமை அந்த முட்களில்தான் இருந்தது.

அதே வருடம் ஹிப்போகம்பஸின் முட்களைப் பார்த்த குழு வேறொன்றைக் கண்டது. அங்கே ஒரு முள்ளின் சராசரி ஆயுள் ஓரிரு வாரம்தான். அந்தப் பகுதி விரைவாகப் பதிந்துகொண்டு விரைவாக இடம்விடும் பகுதி. ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்பு நோய்ச் சத்திரசிகிச்சையில் இரு பக்க ஹிப்போகம்பஸிலும் ஒரு பெரிய பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு எந்தச் சம்பவமும் அவரிடம் தங்கவில்லை. ஆனாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் வேலையை உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கொண்டே வந்தது. முதல் நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகமில்லை. கையின் கல்வியும் வசனத்தின் கல்வியும் மூளையில் வேறு வேறு வழியால் போகின்றன.

ஹாபிழின் நிலை இரண்டுக்கும் நடுவில். வசனம் ஹிப்போகம்பஸ் வழியாக உள்ளே போய், திரும்பத் திரும்ப ஓத ஓத, புறணியில் மெல்ல வேரூன்றுகிறது. பழகப் பழக நாவின் ஓட்டமாகவும் மாறுகிறது. நடுவிலிருந்து கேட்டால் பலர் இரண்டு வசனம் பின்னே போய் ஓடிவருவது இதனால்தான். தறியில் ஒரு மிதிக்கு அடுத்த மிதி மாறாது. குர்ஆனில் ஒன்றையொன்று ஒத்த வசனங்கள் ஏராளம். ஹாபிழ்கள் முதஷாபிஹாத் என்று தனியே குறித்துவைத்து அஞ்சுவது அவற்றைத்தான். 78 வசனமுள்ள சூறா ரஹ்மானில் ஒரே வசனம் 31 தடவை வருகிறது. 31 இடத்திலும் அதற்குப் பின்னால் வருவது வேறு. ஒரே சொற்கள், பெருமளவுக்கு ஒரே கலங்கள், ஆனால் திரும்ப வேண்டிய திசை ஒவ்வொரு தடவையும் வேறு. அந்த நுண்ணிய வேறுபாட்டைத் தாங்கும் இணைப்புகள் மீட்டாமல் விட்டால் முதலில் மங்குபவை.

மத்ரஸாக்களில் இதற்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. இன்றைய புதுப்பாடம், இந்த வாரத்துப் பாடம், பழைய ஜுஸ்உகள் என்று மூன்றையும் ஒரே நாளில் உஸ்தாதிடம் ஒப்புவிக்க வேண்டும். இடைவெளி விட்டு மீட்டுவது ஒரேயடியாகப் படிப்பதைவிட நன்றாகத் தங்கும் என்பதை ஜேர்மனியின் எபிங்ஹவுஸ் 1885இல் தன் மீதே பரிசோதித்து எழுதினார். எங்கள் உஸ்தாத்மார் அதைத் தலைமுறைகளாகச் செய்து வருகிறார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு முதல் கிழமை பிள்ளைகளைப் போட்டு உருட்டும் ரியூசன் வகுப்புகள் மத்ரஸாவிடமிருந்து இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் இரு பக்கத்தாரிடமும் எனக்கு மனக்குறை உண்டு. பிள்ளைகளின் தூக்கத்தைக் குறைக்கிறோம். 2014இல், உருளும் தண்டில் ஓடப் பழகிய எலிகளைப் பயிற்சிக்குப் பின் ஏழு மணி நேரம் தூங்கவிடாமல் வைத்தார்கள். தூங்கிய எலிகளில் முளைத்த அளவுக்கு அவற்றில் புதிய முட்கள் முளைக்கவில்லை. பிறகு கூடுதல் பயிற்சி கொடுத்தும் அந்தக் குறையை நிரப்ப முடியவில்லை. ஆழ்ந்த தூக்கத்தில், பகலில் வேலை செய்த அதே கலங்கள் மறுபடி இயங்குவதையும் அந்தக் குழு பார்த்தது. ஸுபஹுக்கு முன்னமே எழும்பி ஓதும் பிள்ளை இஷாவுக்குப் பின் நேரத்தோடு படுக்க வேண்டும். பகல் லுஹருக்குப் பக்கத்தில் ஒரு சிறு தூக்கமும் வேண்டும். பிள்ளை தூங்கி வழிகிறான் என்று அடித்து எழுப்பி இன்னொரு பக்கத்தைச் சுமத்தும்போது, காலையில் ஓதிய பக்கத்துக்கான முட்கள் முளைக்க வேண்டிய நேரத்தையே அவனிடமிருந்து எடுத்துவிடுகிறோம்.