நின்ற இதயம் மீண்டும் துடிக்கும்

நம் இதயம் கைமுட்டி அளவுதான் இருக்கும். அது நிமிடத்துக்குச் சுமார் 72 தடவை துடிக்கிறது. நாம் தூங்கும்போதும் அதற்கு ஓய்வு இல்லை.

இதயம் தசையால் ஆனது. உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்புவது அதன் வேலை. அந்தத் தசைக்கும் ரத்தம் வேண்டும். ரத்தம் கிடைக்காவிட்டால் தசை செத்துவிடும். செத்த தசைக்குப் பதில் புதுத் தசை வளராது.

சிலருக்கு இதய வால்வு கெட்டுப்போகிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருக்கிறது. இவற்றைச் சரிசெய்யப் பல சமயம் இதயத்தைத் திறக்க வேண்டும். ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்ற முடியுமா? அதுபோலத்தான் இதுவும். எனவே டாக்டர்கள் இதயத்தைச் சிறிது நேரம் நிறுத்துகிறார்கள்.

'ஐயோ, உயிர் போய்விடாதா?' என்று கேட்பீர்கள். போகாது. அந்த நேரத்தில் ஓர் இயந்திரம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சேர்த்து உடம்புக்கு அனுப்புகிறது. 1953-ஆம் ஆண்டு அமெரிக்க டாக்டர் ஜான் கிப்பன் இந்த முறையில் வெற்றி கண்டார்.

ஆனால் இதயத்துக்குப் போகும் ரத்தம் மட்டும் அடைக்கப்படுகிறது. அப்படியானால் இதயத் தசையைக் காப்பது எப்படி?

எண்ணெய் குறைந்தால் விளக்கின் திரியைத் தாழ்த்துகிறோம். இதயத்துக்கும் அதே வழிதான். பொட்டாசியம் உப்பு கலந்த குளிர்ந்த திரவத்தை இதயத்தின் ரத்தக் குழாய்களில் செலுத்துகிறார்கள். பொட்டாசியம் துடிப்பை நிறுத்துகிறது. வேலை இல்லாத தசைக்குக் கொஞ்சம் பிராணவாயு போதும். குளிர்ச்சி அந்தத் தேவையை இன்னும் குறைக்கிறது. ஆபரேஷன் நீண்டால் திரவத்தை மறுபடியும் செலுத்துகிறார்கள்.

இதில் அளவு முக்கியம். 1955-இல் லண்டனில் டாக்டர் மெல்ரோஸ் இதயத்தை நிறுத்தப் பொட்டாசியத்தைப் பயன்படுத்தினார். அளவு அதிகமாக இருந்ததால் தசை கெட்டது. அந்த முறை கைவிடப்பட்டது. பிறகு அங்குள்ள செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சரியான அளவைக் கண்டறிந்தார்கள். 1975-இல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள்.

வேலை முடிந்ததும் அடைப்பை எடுக்கிறார்கள். சூடான ரத்தம் பாய்கிறது. பொட்டாசியம் கழுவப்பட்டுப் போகிறது. இதயம் மீண்டும் துடிக்கிறது! சிலருக்குத் துடிப்பைச் சீராக்கச் சிறிது மின் அதிர்ச்சி கொடுப்பதும் உண்டு.

மாற்று இதயத்தையும் இப்படித்தான் குளிரில் காக்கிறார்கள். இந்தியாவில் முதல் வெற்றிகரமான இதய மாற்று ஆபரேஷன் 1994 ஆகஸ்ட் 3-ஆம் தேதி நடந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் வேணுகோபால் குழுவினர் அதைச் செய்தார்கள்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஏற்கெனவே பலவீனமான தசையைக் காப்பது கடினம். டாக்டர் ஆபரேஷன் வேண்டும் என்றால் பயந்து நாளைக் கடத்தக் கூடாது. பீடி, சிகரெட்டை விட வேண்டும். சாப்பிடும் மருந்துகள், நாட்டு மருந்து உட்பட, எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.