உங்களுக்குத் தெரியுமா? சுட்ட துப்பாக்கியும் உப்பும்

● குண்டு எட்டும் தூரம்
1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள ஊர்களும் விற்பனையில் சேர்ந்தன. அந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்று பெயர். கடலூரை ஒட்டிய குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது.

● பாதிக்கு மேல் கசடு
1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது, இரு தரப்பும் சுட்டது கரிமருந்தைத்தான். ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கலவை அது. எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். அந்தக் கசடு ஈரத்தை இழுக்கும். நீரில் எளிதாகக் கரையும். அதனால் குழலைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது அந்தக் காலத்து வழக்கம்.

● புகை போயிற்று, துரு போகவில்லை
20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி அரவங்காட்டில் ‘கார்டைட்’ என்னும் புகையில்லா மருந்துக்கென ஆலை எழுந்தது. இந்த மருந்தில் கசடு மிகக் குறைவு. ஆனாலும் 303 ரைஃபிளின் குழல், துடைத்து எண்ணெயிட்ட பின்னும் துருப்பிடித்தது. மருந்து எரியும்போது உண்டாகும் அமிலமே காரணம் என்று பலர் நம்பினார்கள்.

● தீக்குச்சியில் இருப்பதுதான்
உண்மையான காரணம், தோட்டாவின் அடியில் பொட்டு அளவே இருக்கும் பிரைமர். அக்காலப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. நம் வீட்டுத் தீக்குச்சியின் தலையில் இருப்பதும் இதுவே. வெடிக்கும்போது இது ஆக்சிஜனை விட்டுவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மாறும். சமையல் உப்புக்கு நெருங்கிய உறவான இந்த உப்பு, ஒவ்வொரு சூட்டுக்கும் குழலின் உட்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும்.

● 1922இல் தெளிந்த உண்மை
அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப் இதை ஆராய்ந்து 1922இல் அறிக்கை வெளியிட்டார். எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலும் இந்த உப்பு ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கிறது, அதைக் கரைத்து வெளியேற்ற நீர் வேண்டும் என்பதே அதன் சாரம்.

● எண்ணெய் ஏன் காப்பாற்றாது?
உப்பு எண்ணெயில் கரையாது. மண்ணெண்ணெயிலும் கரையாது. உப்பைக் கழுவாமல் எண்ணெய் பூசினால், உள்ளே உப்பு அப்படியே இருக்கும். கடலூர் மீனவர்கள் கடலிலிருந்து திரும்பியதும் படகு எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டு, பிறகுதான் எண்ணெய் பார்ப்பார்கள். துப்பாக்கிக்கும் அதே வரிசைதான்.

● குடிகாட்டுக் காற்று
காற்றின் ஈரப்பதம் 84 சதவீதத்தைத் தாண்டினால் பொட்டாசியம் குளோரைடு தானாகவே ஈரம் இழுத்துக் கரைசலாகிவிடும். துரு அதற்கு முன்பே தொடங்கிவிடும். கடலூர்–சிதம்பரம் சாலையில், உப்பனாற்றை ஒட்டிய குடிகாடு போன்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகைக் காலைகளில் காற்று இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். இங்கே ‘நாளைக்குத் துடைக்கலாம்’ என்று வைக்கக் கூடாது. சுட்ட அன்றே கழுவ வேண்டும்.

● கொதிநீர் எதற்கு?
100 மில்லி நீரில் 20 டிகிரி வெப்பத்தில் 34 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரையும். கொதிநிலையில் 56 கிராம். பச்சைத் தண்ணீரும் உப்பைக் கரைக்கும்தான். ஆனால் கொதிநீர் குழலையும் சூடாக்குவதால், மிஞ்சிய ஈரம் விரைவில் ஆவியாகிவிடும். பிரிட்டிஷ் படையில் இதற்கென்றே வளைந்த குழாய் வைத்த புனல் இருந்தது.

● கழுவும் முறை
முதலில் தோட்டா உள்ளே இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து புனல் வழியே கொதிநீர் ஊற்ற வேண்டும், வாய்ப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். மரக்கட்டைக்குள் நீர் இறங்கக் கூடாது. பிறகு உலர்ந்த துணி இழுத்து, ஈரம் அறவே போனதும் எண்ணெய். போல்ட்டின் முகப்பையும் மறக்காமல் கழுவ வேண்டும். மறுநாள் வெள்ளைத் துணி இழுத்துப் பாருங்கள்; பழுப்பு நிறம் தெரிந்தால் மீண்டும் முதலிலிருந்து.

● சிந்தியின் அளவு
என்.சி.சி.யில் ரைஃபிள் பிடித்தவர்களுக்குப் ‘புல்த்ரூ’ கயிறும் ‘சிந்தி’த் துணியும் நன்றாகத் தெரியும். குழலைத் துடைக்க 4 அங்குலத்துக்கு 2 அங்குலத் துணி. எண்ணெயிட 4 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். எண்ணெய்த் துணி சிறிதாக இருந்தால்தான் இறுகப் பிழியாமல், குழலில் எண்ணெயை விட்டுச் செல்லும்.

● அம்மோனியா நம்பிக்கை
அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் உப்பை ‘முறித்துவிடும்’ என்று பல நாடுகளில் நம்புகிறார்கள். பொட்டாசியம் குளோரைடு அமிலமும் அல்ல, காரமும் அல்ல; அதில் முறிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தத் திரவத்தில் வேலை செய்வது அதிலுள்ள தண்ணீர்தான்.

● குழல் மட்டும் போதாது
தோட்டாவின் வாயுவால் இயங்கும் துப்பாக்கிகளில், உப்பு பிஸ்டனுக்கும் வாயுக் குழாய்க்கும் போய்ச் சேரும். அவற்றையும் கழுவ வேண்டும். ஏகே வகைத் துப்பாக்கிகளின் குழலுக்குள் குரோமியம் பூசியதில், இந்த அரிப்பைத் தாங்கச் செய்வதும் ஒரு நோக்கம். பூச்சு இருந்தாலும் கழுவுதல் தப்பாது.

● தீர்வு வந்த ஆண்டு
ஜெர்மனியில் 1928இல் ‘சினாக்சிட்’ என்னும் குளோரேட் இல்லாத பிரைமர் காப்புரிமை பெற்றது. ஆனாலும் பல நாட்டுப் படைகள், கிடங்கில் நெடுங்காலம் கெடாமல் இருக்கும் என்று பழைய பிரைமரையே பல்லாண்டுகள் பயன்படுத்தின. அதனால், பழைய ராணுவத் தோட்டா என்றாலே அரிக்கும் வகை என்று கொண்டு கழுவிவிடுவதே பாதுகாப்பு.

● 2020இல் விடைபெற்றது
உத்தரப் பிரதேசக் காவல்துறை 303 ரைஃபிளுக்கு விடைகொடுத்தது 2020 குடியரசு நாளில். இரண்டு உலகப் போர்களைக் கண்ட அந்த ஆயுதம் இத்தனை காலம் உழைத்ததில், அதைத் தினமும் துடைத்துவைத்த காவலர்களின் பங்கு பெரியது.

● பாம்பனிலும் அதே குளோரைடு
1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பைத் தின்றதும் குளோரைடுதான்; அது கடல்காற்று கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், கடல்காற்றைத் தாங்கும் தனி வண்ணப்பூச்சும் உள்ளன. பாலத்தைத் தினமும் கழுவ முடியாது. துப்பாக்கியைக் கழுவ முடியும்.

● சென்னை அருங்காட்சியகம் காட்டிய வழி
சோழர் காலச் செப்புத் திருமேனிகளை அரித்துப் பொடியாக்கும் நோய்க்கும் வேர் குளோரைடே. 1930இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பணியேற்ற வேதியியலாளர் எஸ். பரமசிவன், மின்பகுப்பு முறையில் அந்தக் குளோரைடை வெளியேற்றிச் சிலைகளைக் காத்தார். சிலையோ துப்பாக்கியோ, உலோகத்தைக் காப்பவர் கைக்கொள்ளும் ஒழுங்கு ஒன்றுதான்: முதலில் உப்பை வெளியேற்று, அடுத்து உலர்த்து, கடைசியில்தான் பூச்சு.