டஜனும் கொசுறும்

இங்கிலீஷில் ஓரெழுத்தும் அறியாத பாட்டிகூட வளையல் கடையில், "டஜன் என்ன விலையப்பா?" என்றுதான் கேட்கிறாள். ரயில், டிக்கெட் முதலியவற்றைப் போல இந்த அந்நிய வார்த்தையும் நம் வீட்டுக்குள் நுழைந்து, விருந்தாளி என்ற நினைப்பே இல்லாமல் தங்கிவிட்டது. அதன் குலம் கோத்திரத்தைச் சற்று விசாரிப்போம்.

டஜன் பிறந்தது இங்கிலாந்தில் அன்று. லத்தீன் பாஷையில் 'டுவோடெஸிம்' என்றால் இரண்டும் பத்தும், அதாவது பன்னிரண்டு. அதிலிருந்து பிரெஞ்சுக்காரர் 'டூஸேன்' என்ற சொல்லை ஆக்கிக்கொண்டனர். அதுவே கடல் தாண்டி டஜன் ஆயிற்று. இங்கிலீஷ்காரரின் சொந்தச் சொல்லாகிய 'ட்வெல்வ்' என்பதன் ஆதிப் பொருளோ 'மிச்சம் இரண்டு' என்பதாம். 'இலெவன்' என்பது 'மிச்சம் ஒன்று'. பத்து விரலும் எண்ணித் தீர்ந்தபின் எஞ்சியவை என்று கருத்து.

பத்து இருக்கப் பன்னிரண்டு எதற்கு? பத்தைச் சரிபாதியாக்கலாம், ஐந்து பங்காக்கலாம், அவ்வளவே. பன்னிரண்டையோ இருவருக்கும், மூவருக்கும், நால்வருக்கும், அறுவருக்கும் மிச்சமின்றிப் பங்கிடலாம். வியாபாரிக்கும், குழந்தைகளுக்குப் பக்ஷணம் பகிரும் தாய்க்கும் இது எவ்வளவு சௌகரியம்! ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி என்று வழங்கியதும் இந்தச் சௌகரியத்திற்கு ஏற்றதே. பன்னிரண்டு டஜன் சேர்ந்தால் ஒரு குரோஸ். 1957-ல் தசாம்ச நாணயம் வந்து நம் அணாக் கணக்கைப் போக்கியது. 1971-ல் ஷில்லிங்கும் அவ்வழியே சென்றது. டஜன் மட்டும் அசையவில்லை.

வாய் ஓயாமல் படபடவென்று பேசுகிறவனை, 'டஜனுக்குப் பத்தொன்பது வீதம் பேசுகிறான்' என்று இங்கிலீஷ்காரர் பரிகாசம் செய்வர். சண்டையில் இரு கட்சியும் சமமாகக் குற்றவாளிகளாயின், 'இங்கே ஆறு, அங்கே அரை டஜன்' என்பர். முதல் உலக யுத்த காலத்தில் வால்டர் காம்ப் என்ற அமெரிக்கர் பன்னிரண்டு தேகப் பயிற்சிகளை வகுத்தார். அதிலிருந்து அன்றாடத் தேகப் பயிற்சிக்கே 'தினசரி டஜன்' என்று பெயர் வழங்கலாயிற்று.

எல்லாவற்றிலும் சுவையானது 'ரொட்டிக்காரன் டஜன்'. அதற்கு எண்ணிக்கை பதின்மூன்று! மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1266-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படும் ஒரு சட்டம் இங்கிலாந்தில் ரொட்டியைக் கட்டுப்படுத்தியது. ரொட்டியின் விலை மாறாது. கோதுமை விலை ஏறினால் ரொட்டியின் எடை அதற்குத் தக்கபடி குறையும். விதித்த எடைக்கும் கீழே போனாலோ அபராதம். குற்றம் பெரிதானால் சந்தையில் தொழுமரத்தில் பூட்டி நிறுத்துவர். கையால் பிசைந்து சுடும் ரொட்டி ஒவ்வொன்றும் ஒரே எடை இருக்குமா? ஆகவே, தண்டனைக்கு அஞ்சி டஜனுக்கு ஒன்று கூடுதலாக வைத்தார்கள் என்பர் சிலர். தெருவில் கூவி விற்பவர்கள் விலையை ஏற்ற முடியாதாகையால், அந்தப் பதின்மூன்றாவது ரொட்டியே அவர்களுக்கு லாபமாக விடப்பட்டது என்பர் வேறு சிலர்.

காரணம் எதுவாயினும், அச்சட்டம் கண்டறிந்த உண்மை பெரிது. எண்ணிக்கை பன்னிரண்டும் சரியாயிருந்து, எடை மட்டும் குறைந்தால், ஏழை வீட்டில் வயிறு நிறையாது. கணக்கில் பிழையில்லை என்று வியாபாரி கைவிரித்துவிடலாம். பசிக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

நம் கறிகாய்க்காரி கூடையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் போடுகிறாளே, அந்தக் கொசுறுக்கு எந்த அரசரும் சட்டம் செய்யவில்லை. அது அவளாக மனமுவந்து தருவது. எனினும், சிறுத்த பழத்தில் ஒரு டஜனைக் கொடுத்துவிட்டுக் கொசுறால் வாயை அடைக்கும் கடைக்காரரும் உண்டு. ஆதலால் டஜன் கணக்கில் வாங்கும் நேயர்கள், எண்ணிப் பார்ப்பதோடு நில்லாமல் கையில் தூக்கியும் பார்ப்பது நலம்.