கடை வண்டியின் கிளட்ச் பழுது: மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை



மொத்தக் கடையானாலும் சில்லறைக் கடையானாலும் இன்று ஒரு மோட்டார் சைக்கிளாவது இல்லாமல் வியாபாரம் நடப்பதில்லை. அந்த வண்டி ஒரு நாள் படுத்துக்கொண்டால் லைன் சப்ளை நின்றுவிடும். வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். இப்படி வண்டியை நிறுத்தும் பழுதுகளில் கிளட்ச் பழுது முக்கியமானது. "கிளட்ச் போய்விட்டது" என்று மெக்கானிக் சொன்னவுடன் கடைக்காரர்கள் பலர் இரண்டு காரியம் செய்கிறார்கள். கேட்ட தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அதை வண்டி ஓட்டும் பையனின் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால், கிளட்ச் உண்மையிலேயே போயிற்றா, போனது எதனால் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கிளட்ச் என்ன செய்கிறது?

என்ஜினின் சுழற்சியைக் கியருக்குக் கொண்டு போவதும், லிவரைப் பிடித்தால் அதைத் துண்டிப்பதும்தான் கிளட்ச்சின் வேலை. நாம் அதிகம் பயன்படுத்தும் 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் இது என்ஜினின் வலது பக்க மூடிக்குள், என்ஜின் ஆயிலில் நனைந்தபடி இருக்கிறது. அப்பளக் கட்டு போல, உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட் ஒன்று, இரும்பு பிளேட் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஸ்பிரிங்குகளால் இறுக்கி வைத்திருப்பார்கள். இறுக்கம் இருக்கும்வரை எல்லாம் சேர்ந்து சுற்றும். லிவரைப் பிடித்தால் இறுக்கம் தளர்ந்து என்ஜின் தனியாகச் சுற்றும். (டிவிஎஸ் எக்ஸ்.எல். போன்ற மொபெட்டுகளில் கை லிவர் கிளட்ச் கிடையாது. வேகம் ஏறும்போது தானே பிடிக்கும் வகை அது. இங்கே சொல்வது கியர் வண்டிகளுக்கு.)

பழுதின் அடையாளங்கள்

1. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் என்ஜின் இரைகிறது, வண்டி அந்த அளவுக்கு இழுப்பதில்லை. மேட்டில், மூட்டையோடு போகும்போது இது நன்றாகத் தெரியும். கருகிய வாடை வரும், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். இது கிளட்ச் நழுவுவது.

2. லிவரை முழுக்கப் பிடித்தும் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது, கியர் முரண்டு பிடிக்கிறது, நியூட்ரல் விழுவதில்லை. இது கிளட்ச் விடாமல் இருப்பது.

3. லிவர் தொளதொளவென்று ஆடுகிறது, பிடித்தால் ஒன்றும் நடப்பதில்லை. பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும். இதற்குப் பிளேட் மாற்ற வேண்டியதே இல்லை.

என்ஜினைப் பிரிக்குமுன் மூன்று சோதனைகள்

முதலாவது, லிவரின் தளர்வு. லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் கேபிளை இறுக்கி வைத்திருந்தால், கையை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே ஓடும். நல்ல பிளேட்டும் நழுவித் தேயும். ஆட்டம் அதிகமானால் கிளட்ச் முழுதாக விடாது. இரண்டும் அட்ஜஸ்டரைத் திருகினால் சரியாகும் காரியம்.

இரண்டாவது, ஆயில். நான்கு ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிக்கென்றே வரும் ஆயிலில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற தரக்குறியீடு இருக்கும். நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்றது என்பது அதன் பொருள். கார் ஆயில்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருக்கும். அதை இந்த வண்டிகளில் ஊற்றினால் கிளட்ச் நழுவும். விலை குறைவு என்று சில்லறையாக ஊற்றும் ஆயிலை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, நிறுத்திப் பார்க்கும் சோதனை. காலியான இடத்தில் என்ஜினை ஓடவிட்டு, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கியர் போட்டுக் கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும். என்ஜின் நின்றுவிட்டால் கிளட்ச் ஓரளவு பிடிக்கிறது என்று பொருள். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஒரு முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் கருகும்.

மாற்றும்போது

வேலை நடக்கும்போது ஒரு பத்து நிமிடமாவது பக்கத்தில் நிற்பது நல்லது. ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, கேபிளை விடுவித்து, வலது பக்க மூடியைத் திறப்பார்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பிறகு பிளேட்டுகள் வரிசையாக வெளியே வரும்.

உராய்வு பிளேட்டை மட்டும் மாற்றி அனுப்புவது பல இடங்களில் வழக்கம். அது பாதி வேலைதான். இரும்பு பிளேட்டுகள் நீலம் பாய்ந்திருந்தால் சூடு கண்டிருக்கின்றன என்று அர்த்தம். அவற்றைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் வளைந்திருப்பது தெரிந்துவிடும். ஸ்பிரிங்கும் சூட்டில் தளர்ந்து குட்டையாகும். அளந்து பார்த்து, குறைந்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிளேட்டின் பற்கள் உட்காரும் வெளிக்கூட்டைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். அதன் விரல்களில் பள்ளம் விழுந்திருந்தால் பிளேட் அங்கே சிக்கிக்கொள்ளும். புது பிளேட் போட்டும் பழைய குறை திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

புது உராய்வு பிளேட்டுகளைச் சில மணி நேரமாவது என்ஜின் ஆயிலில் ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும். உலர்ந்தபடி மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருக வாய்ப்புண்டு. முந்தின நாள் இரவே பிளேட் வாங்கி ஊறப் போட்டுவிட்டால், மறுநாள் காலையில் வேலை முடிந்துவிடும். சில வண்டிகளில் ஆயிலைச் சுத்தம் செய்யும் சுழல் வடிகட்டியும் அதே மூடிக்குள் இருக்கிறது. திறந்த கையோடு அதில் சேர்ந்த கசடையும் எடுத்துவிடலாம். மூடிக்குப் புது பேக்கிங், புது ஆயில், கடைசியில் லிவர் தளர்வு சரிபார்ப்பு: இவை முடிந்தால்தான் வேலை முடிந்தது.

சாமான் வாங்கும்போது

நம் கடைக்கு வரும் சரக்கில் கம்பெனி பெயர், தேதி, எம்.ஆர்.பி. பார்த்து வாங்கும் நாம், வண்டிச் சாமானில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. பாக்கெட் பிரிக்காமல் இருக்கிறதா, பாகத்தின் எண் நம் வண்டிக்கு உரியதா என்று பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும். டூப்ளிகேட் பிளேட்டில் உராய்வுப் பொருள் விரைவில் உதிர்ந்துவிடும். உதிர்ந்த தூள் ஆயிலோடு என்ஜின் முழுதும் சுற்றும். கழற்றிய பழைய பிளேட்டுகளை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்குங்கள். மாற்றியதற்கு அதுவே சாட்சி.

பழி யாருக்கு?

இப்போது பையன் விஷயத்துக்கு வருவோம். லிவர் மேல் எப்போதும் விரலை வைத்தபடி ஓட்டுவதும், மேட்டில் பிரேக் பிடிக்காமல் பாதிக் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கி நிற்பதும் பிளேட்டைத் தின்னும் பழக்கங்கள். அவற்றைச் சொல்லித் திருத்த வேண்டியதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 சிசி வண்டிக்குப் பொதுவாக ஓட்டுபவரையும் சேர்த்துச் சுமார் 130 கிலோதான் அளவு. 26 கிலோ அரிசி மூட்டை மூன்று என்றால் 78 கிலோ. ஓட்டுபவர் 65 கிலோ. அப்போதே 143 ஆகிவிட்டது. அதன் மேல் ஒரு எண்ணெய் டின்னையும் ஏற்றிச் சந்துக்குச் சந்து நின்று நின்று போகச் சொன்னால், எவ்வளவு பக்குவமாக ஓட்டினாலும் கிளட்ச் தேயத்தான் செய்யும். சுமையை ஏற்றச் சொன்னது முதலாளி, ஆயில் மாற்றும் நாளைத் தள்ளிப் போட்டதும் முதலாளி என்றால், தேய்ந்த பிளேட்டுக்குப் பையன் எப்படிப் பொறுப்பாவான்? கவனக்குறைவு உறுதியாகாமல், அவன் தரப்பைக் கேட்காமல், சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டமும் இடம் கொடுப்பதில்லை. கிளட்ச் நழுவும் வண்டியைச் சுமையோடு மேட்டில் ஏற்றச் சொல்வது அவன் உயிருக்கும் ஆபத்து. "வண்டி இழுக்கலை அண்ணாச்சி" என்று அவன் சொல்லும் முதல் நாளே காது கொடுத்தால், சில நேரம் அட்ஜஸ்டரோடு செலவு முடிந்துவிடும்.

கடையில் ஒரு கிளட்ச் கேபிளை வாங்கி வையுங்கள். பெரிய விலையில்லை, அறுந்த அன்று அரை நாள் வியாபாரம் மிச்சம். ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் தினக் குறிப்பில் ஏறட்டும். இரண்டு நடைக்கு உரிய சரக்கை ஒரே நடையில் ஏற்ற வேண்டாம். புது கிளட்ச் போட்ட முதல் சில நாட்கள் பாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தராசைப் பார்த்துக்கொள்வது போல வண்டியையும் பார்த்துக்கொண்டால் சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும். கொண்டு போனவனும் பத்திரமாகத் திரும்பி வருவான்.