பிடியைப் படிக்கும் கையுறை

விரல் நுனிகளுக்கு மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டுவிட்டு, ஒரு தீக்குச்சியைப் பற்றவைக்கச் சொன்னால் என்ன ஆகும்? ஸ்வீடன் நரம்பியலாளர் ரோலண்ட் யோஹான்சன் செய்து காட்டிய சோதனை இது. விரல் அசைகிறது, கண்ணும் பார்க்கிறது. ஆனாலும் குச்சி நழுவி நழுவி விழுகிறது. எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதைக் கண்ணால் கற்றுக்கொள்ள முடியாது. அது தோலுக்கு மட்டுமே தெரிந்த வித்தை.

ரோபோக்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. அவை பார்த்துப் பழகக் கோடிக்கணக்கில் படங்கள் உண்டு. தொட்டுப் பழகவோ அவ்வளவு பதிவுகள் இல்லை. அந்தக் குறையைப் போக்கும் முயற்சியாக, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சுப்பிரமணியன் சுந்தரமும் குழுவினரும் மனிதக் கை பிடிக்கும் அழுத்தத்தைப் பதிவுசெய்யும் ஒரு கையுறையை உருவாக்கி, 2019 மே மாதம் 'நேச்சர்' இதழில் விவரங்களை வெளியிட்டார்கள்.

சாதாரணப் பின்னல் கையுறைதான் அது. உள்ளங்கைப் பக்கம் ஒரு மெல்லிய படலம். அழுத்தினால் அதன் மின்தடை குறையும். படலத்தின் இருபுறமும், தறியில் பாவும் ஊடையும் போல, மின்சாரம் கடத்தும் நூல்கள். மேல் நூலும் கீழ் நூலும் குறுக்கிடும் இடமெல்லாம் ஒரு சென்சார். 64 நூல்களில் 548 சென்சார்கள்!

மூலப்பொருள் செலவு சுமார் 10 டாலர்தான். எனக்கு இதுதான் பெரிய செய்தி. சுமார் 50 சென்சார்களே உள்ள கையுறைகள் அப்போது ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றன. மலிவாக இருந்தால்தானே பலரும் வாங்கி அணிந்து, பதிவுகளைக் குவிக்க முடியும்?

கோப்பை, கத்தரிக்கோல், டென்னிஸ் பந்து என 26 பொருள்களைக் கையாண்டு, 1,35,000 அழுத்தப் பதிவுகளைச் சேர்த்தார்கள். கேமரா இல்லாமல், அழுத்தத்தின் தடத்தை மட்டும் வைத்துக் கணினி 76 சதவீதம் வரை பொருளைச் சரியாகச் சொன்னது. விரல்களின் கூட்டணியும் தெரியவந்தது. ஆள்காட்டி விரலின் நடுக்கணு வேலை செய்யும்போது கட்டைவிரல் பெரும்பாலும் ஒதுங்கியிருக்கிறது. நுனி வேலை செய்தால் உடனே துணைக்கு வருகிறது. செயற்கைக் கையில் எந்த இடத்தில் சென்சார் வைப்பது என்று யோசிப்பவர்களுக்கு இது பொன்னான தகவல்.

ஒரு குறை உண்டு. நேராக அழுத்தும் விசையை மட்டுமே இந்தப் படலம் அளக்கும். பொருள் நழுவத் தொடங்கும்போது தோலில் ஏற்படும் பக்கவாட்டு இழுப்பு அதில் பதிவாகாது. நம் கையிலோ, யோஹான்சனின் கணக்குப்படி, சுமார் 17,000 தொடு உணரிகள் இருக்கின்றன. நழுவலை அவை கவனித்ததும், நாம் நினைப்பதற்கு முன்பே பிடி இறுகிவிடுகிறது. அடுத்து வரும் கையுறைகள் அளக்க வேண்டியது அந்த இழுப்பைத்தான்.