செங்கல் நடைபாதையும் உறைபனியும்

உதகமண்டலப் பள்ளத்தாக்குகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். ஜலம் உறையுங்கால் ஏறக்குறைய 11-ல் 1 பங்கு பருக்கும். செங்கல்லின் நுண்துளைகளில் தங்கிய ஜலமே இவ்வாறு பருத்துக் கல்லைப் பிளக்கிறது. உலர்ந்த கல்லைப் பனி ஒன்றும் செய்யாது.

தாழ்விலுள்ள பந்தலூரில் பனியினும் தென்மேற்குப் பருவமழையே பெரும்பகை. ஆயினும் பரிகாரம் ஒன்றே. பெயர்ந்த கல்லும் பாசியும் கொழுந்துக் கூடை சுமந்து வருவோரைச் சறுக்கி வீழ்த்துமாதலின் அசட்டை கூடாது.

உலர்ந்த செங்கல்லை நிறுத்து, 24 மணி நேரம் ஜலத்தில் ஊறவிட்டு மீண்டும் நிறுக்கவும். எடை நூற்றுக்கு 20-க்கு மேல் கூடின் அக்கல்லைத் தள்ளிவிடல் வேண்டும். பாதைக்கடியில் சரளையும் மணலும் பரப்பி, கெஜத்திற்கு முக்கால் அங்குலம் சரிவு விட்டு, ஓரத்தில் வடிகால் வெட்டுக. சிலர் மேலே சிமெண்டு பூசிவிடுகின்றனர். உட்புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்குமாதலின் அது கேட்டையே விளைவிக்கும்.